மாரத்தானைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை மாரத்தானில் ஓடிவிட்டு மெடலோடு படம் போடுகிறவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 42.195 கிலோமீட்டரை ஓடிச் சாப்பிடுகிறவர்கள் மிகச் சிலர். இந்தக் கட்டுரை அந்தச் சிலரில் ஒருவராக முயல்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மாவட்ட அளவில் பயிற்சி கொடுப்பவர்களுக்கும். இந்தியாவில் இருந்து தொடங்குகிற ஒருவர் என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும், எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது மட்டுமே இதில் இருக்கிறது.

முதலில் நேரக் கணக்கு

ஆசையை ஓரமாக வைத்துவிட்டு ஸ்டாப்வாட்சைப் பாருங்கள். ஆண்களில் 2 மணி 20 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 3:19. அதையே 42 முறை. இந்த இடத்துக்கு வந்தால்தான் நாட்டுக்குள் உங்கள் பெயரைக் கவனிப்பார்கள். 2:15 என்றால் 3:12. டிராக்கில் ஒவ்வொரு சுற்றும் 77 வினாடிக்குள். அப்போதுதான் தேசிய அணி என்ற பேச்சே வரும். பெண்களுக்கு 2:45 (கிலோமீட்டருக்கு 3:55) கவனிக்கப்படும் நேரம். 2015-ல் பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப்பில் ஓ.பி. ஜெய்ஷா ஓடிய 2:34:43 எந்த உயரம் என்பதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆண்களில் ஷிவ்நாத் சிங் 1978-ல் ஜலந்தரில் ஓடிய 2:12:00 நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்ற தேசியச் சாதனை. நம் தலைமுறையில் தொனக்கல் கோபி 2019-ல் சியோலில் 2:13:39 வரை போனார். ஆனால் உலகம் காத்திருக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி நேரம் 2:11:30. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு 2:08:10. 2025 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்புக்கு 2:06:30, அதாவது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 நிமிடம். பெண்களுக்கு அதே மூன்று போட்டிகளில் 2:29:30, 2:26:50, 2:23:30. தகுதி நேரத்தைத் தொடாதவர்களுக்கு உலகத் தரவரிசை வழியாக ஒரு சின்ன வாசல் திறந்திருக்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

உங்கள் மாரத்தான் நேரத்தை முன்கூட்டியே கணிக்க எளிய வழி: நன்றாக ஓடிய அரை மாரத்தான் நேரத்தை 2.11 ஆல் பெருக்குங்கள். 64 நிமிடம் ஓடுகிறவருக்கு 2:15. 66 நிமிடம் 20 வினாடி ஓடுகிறவருக்கு 2:20. அரை மாரத்தானில் 70 நிமிடத்தைத் தாண்டுகிறவர் முழு மாரத்தானில் 2:20 ஓடப்போவதில்லை. அவர் 42 கிலோமீட்டர் போட்டிகளை விட்டுவிட்டு 5,000, 10,000 மீட்டருக்குத் திரும்புவதே நல்லது.

மாரத்தான் கடைசியில் வர வேண்டும்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை பதினெட்டு வயது முடிந்ததும் முழு மாரத்தானில் இறங்குவது. 5,000, 10,000 ரூபாய் பரிசு தரும் சாலைப் போட்டிகள் வாராவாரம் நடக்கின்றன; கையில் காசு வருகிறது; அதனால் இழுக்கப்படுகிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் வேகம் மழுங்கி, எல்லாத் தூரத்தையும் ஒரே வேகத்தில் ஓடுகிறவராக நின்றுவிடுகிறார்கள். 10,000 மீட்டரை 29 நிமிடச் சொச்சத்தில் ஓடத் தெரியாத காலுக்கு 3:12 வேகம் மூச்சு முட்டும் வேகம். தெரிந்த காலுக்கு அது பேசிக்கொண்டே போகாவிட்டாலும் தாங்கக்கூடிய வேகம்.

ஆகவே 14 முதல் 18 வயது வரை 1,500, 3,000 மீட்டரும் கிராஸ் கன்ட்ரியும் (மேடுபள்ளமான மண்தரையில் ஓடுவது). 18 முதல் 22 வரை 5,000, 10,000. அதன்பின் இரண்டு பருவம் அரை மாரத்தான். முதல் முழு மாரத்தான் 23, 24 வயதில் வந்தால் போதும். கென்யாவின் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 2003-ல் 5,000 மீட்டரில் உலக சாம்பியன். முதல் மாரத்தானை ஓடியது 2013-ல் ஹாம்பர்க்கில், 28 வயதில். கெல்வின் கிப்டம் போல டிராக்கைத் தொடாமல் நேரே சாலைக்கு வந்து 23 வயதில் 2:01:53 ஓடியவர்களும் உண்டுதான். அந்த வழி பல்லாயிரம் பேர் தினமும் மலைமேட்டில் ஓடும் கென்யாவில் ஒருவருக்குத் திறந்தது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

டிராக் பழக்கம் இன்னொன்றையும் தரும்: போட்டி ஒழுங்கு. புதுக்கோட்டையின் கோவிந்தன் லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வர் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். அவரே அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், கால் உள்கோட்டைத் தாண்டிப் பட்டதால் பதக்கத்தை இழந்தார். விதிமுறைப் புத்தகத்தைப் பயிற்சியாளர் மட்டும் படித்தால் போதாது.

பதிவும் வேலையும்

இந்தியாவில் ஓட்டக்காரருக்கு முதல் ஸ்பான்சர் அரசு வேலைதான். ஷூ கம்பெனி அல்ல. ரயில்வே, ராணுவம், காவல்துறை மூன்றும்தான் நீண்டதூர ஓட்டத்தைச் சம்பளம் கொடுத்து வளர்க்கின்றன. புனேயில் உள்ள ராணுவ விளையாட்டு நிறுவனத்தில் இருந்தே நம் மாரத்தான் வீரர்கள் பலர் வந்தார்கள். தமிழ்நாட்டில் எஸ்.டி.ஏ.டி. (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) விளையாட்டு விடுதிகள் பள்ளிப் பருவத்துக்கான வாசல். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு.

இங்கே பலர் காலம் கடந்து தெரிந்துகொள்ளும் ஒரு விஷயம்: தனியார் நடத்தும் சாலை மாரத்தான்களில் வாங்கிய கோப்பையும் சான்றிதழும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு உதவாது. அங்கீகரிக்கப்பட்ட சாம்பியன்ஷிப் சான்றிதழ் வேண்டும். மத்திய அரசு வேலைகளுக்கு அதன் படிவமே தனி: சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பள்ளி தேசியப் போட்டிக்குப் படிவம் 4. ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி வேறு. போட்டி முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள். நான்கு வருடம் கழித்துப் போனால் அந்தச் செயலாளர் மாறியிருப்பார். ரயில்வே போன்ற இடங்களில் அண்மைய ஆண்டுகளின் சாதனையை மட்டும் பார்ப்பார்கள், வயது வரம்பும் உண்டு. எனவே 19 முதல் 23 வயது வரையிலான காலத்தில் மாநில, தேசிய டிராக் போட்டிகளும் தேசிய கிராஸ் கன்ட்ரியும் தவறக் கூடாது.

செய்ய வேண்டியவை: மாவட்டத் தடகளச் சங்கத்தில் பதிவு, அதன் வழியாக மாநிலச் சங்கம், பிறகு இந்தியத் தடகள சம்மேளனத்தின் பதிவெண். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கட்டும். இனிஷியலை ஒன்றில் முன்னாலும் ஒன்றில் விரித்தும் எழுதியிருப்பது நம்மூரில் சர்வசாதாரணம். வெளிநாட்டு விசா நேரத்தில்தான் அது பூதாகரமாகும்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்

2:22 அளவில் ஓடத் தயாராகும் ஓர் ஆணின் பயிற்சி வாரம், போட்டிக்கு ஏழெட்டு வாரம் முன்பு, தோராயமாக இப்படி இருக்கும். திங்கள் காலை 16 கிலோமீட்டர் மெதுவாக, மாலை 8. செவ்வாய் 1,000 மீட்டர் பத்து முறை, ஒவ்வொன்றும் 3:08 முதல் 3:12, இடையில் 90 வினாடி ஜாகிங், வார்ம்-அப், கூல்-டவுன் சேர்த்து 20, மாலை 8. புதன் காலை 18, மாலை 8. வியாழன் ஒரே ஓட்டமாக 20. வெள்ளி டெம்போ: 12 கிலோமீட்டர் 3:18 முதல் 3:22 வேகத்தில், முன்பின் சேர்த்து 20; மாலை 6. சனி 12. ஞாயிறு 35, அதில் கடைசி 10 கிலோமீட்டர் மாரத்தான் வேகத்துக்குப் பக்கத்தில். கூட்டினால் சுமார் 170. உலகத்தின் முன்னணி ஆட்கள் 200-ஐத் தொடுவார்கள். அந்த எண்ணைத் துரத்த வேண்டாம். வருடத்துக்கு வருடம் வாராந்திரத் தூரத்தை 15, 20 கிலோமீட்டர் கூட்டினால் போதும்.

மேலே உள்ளதில் கடினமான நாள் மூன்றுதான். மீதி நாளெல்லாம் கிலோமீட்டருக்கு 4:20 முதல் 4:50. இதைச் சொன்னால் பையன்கள் நம்புவதில்லை. குழுவாக ஓடும்போது ஒருவர் கொஞ்சம் முந்துவார், மற்றவர் விட மாட்டார், மெதுவான ஓட்டம் 3:50-க்குப் போய்விடும். செவ்வாய்க்கிழமை 1,000 மீட்டர் ஓட்டங்களில் கால் வராது. அன்றைக்குக் கால் வரவில்லை என்பதற்கு மறுநாள் இன்னும் கூடுதலாக ஓடுவார்கள். பெரும்பாலான கால் எலும்பு முறிவுகளுக்குப் பின்னால் இந்தச் சுழல்தான் இருக்கிறது.

மொத்தத் தயாரிப்பு 12 முதல் 16 வாரம். மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் தூரத்தை நான்கில் ஒரு பங்கு குறைப்பது வழக்கம். கடைசி இரண்டு வாரம் டேப்பர்: தூரம் முதலில் 70 விழுக்காட்டுக்கும் பிறகு பாதிக்கும் கீழே இறங்கும், வேகப் பயிற்சியைச் சிறிதாக்கி வைத்துக்கொள்ள வேண்டும், நிறுத்தக் கூடாது. டேப்பரில் கால் கனமாக, உடம்பு மந்தமாகத் தோன்றும். அது இயல்பு. அந்தப் பயத்தில் நான்கு நாள் முன்பு ஒரு 25 கிலோமீட்டர் ஓடிப் பார்ப்பவர்கள் போட்டியை அங்கேயே ஓடி முடித்துவிடுகிறார்கள்.

சென்னை, திருச்சி, மதுரையில் இருப்பவர்கள் மார்ச் முதல் செப்டம்பர் வரை வேகத்தைக் கடிகாரத்தில் தேட வேண்டாம். ஈரப்பதம் கூடிய காற்றில் அதே உழைப்புக்குக் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வினாடி கூடுதலாகவே ஆகும். இதயத் துடிப்பை வைத்து ஓடுங்கள். காலை 4:30-க்குத் தொடங்குங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: 35 கிலோமீட்டரில் குடித்ததையும் மீறி உடல் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் குடிக்கும் பழக்கம் போதவில்லை.

முடிந்தால் வருடத்துக்கு இரண்டு முறை மலையேறுங்கள். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர்; கென்யாவின் இட்டெனும் ஏறக்குறைய 2,400 தான். மூன்று வாரத்துக்குக் குறைந்தால் பெரிய பலன் இல்லை, நான்கு வாரம் நல்லது. முதல் ஐந்தாறு நாள் மெதுவான ஓட்டம் மட்டும். இரும்புச்சத்து குறைவோடு மலையேறுவது வீண் செலவு. ரத்தம் ஊற அதுதான் மூலப்பொருள்.

ரத்தம், எலும்பு, சோறு

வருடத்துக்கு மூன்று முறை ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது) கேளுங்கள். ஹீமோகுளோபின் 14 இருக்கும், ஃபெரிட்டின் 15-ல் கிடக்கும். டெம்போவில் காரணமே இல்லாமல் மூச்சு வாங்கும். நீண்டதூர ஓட்டக்காரருக்கு 30-க்குக் கீழே இறங்கினாலே மருத்துவரிடம் பேச வேண்டும். சாப்பாட்டோடு டீ, காபி குடிக்கும் பழக்கம் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். வைட்டமின் டி-யும் பாருங்கள். வெயிலில் இருக்கும் நமக்குக் குறையாது என்று நினைப்பார்கள். விடியும் முன் ஓடிவிட்டுப் பகலில் தூங்குகிற உடம்புக்குக் குறையும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால் அதைப் பயிற்சி நன்றாகப் போவதன் அடையாளம் என்று சொல்லும் பயிற்சியாளரை விட்டு விலகுங்கள். ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதே அதன் பொருள். அடுத்து எலும்பு பலவீனமாகும். எடையைக் குறைத்தால் வேகம் வரும் என்பது முதல் ஆறு மாதத்துக்கு உண்மைபோல இருக்கும். பிறகு ஒரு வருடம் கட்டுப்போட்டுக் கிடக்க வேண்டியிருக்கும். இது ஆண்களுக்கும் பொருந்தும், அவர்களுக்குக் காட்டிக்கொடுக்க மாதக் கணக்கு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

வலியில் தசை வலி எது, எலும்பு வலி எது என்று பிரித்தறியப் பழகுங்கள். ஓட ஓடக் குறைகிற வலி பெரும்பாலும் தசை, தசைநார். ஓட ஓடக் கூடுகிற, ஒரு விரல் வைத்து இதுதான் இடம் என்று காட்ட முடிகிற வலி எலும்பு. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு, பாதத்தின் நடு எலும்புகள் இரண்டிலும் அடிக்கடி வரும். தொடையிடுக்கில் ஆழமாக வலித்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தி எம்.ஆர்.ஐ. எடுங்கள், தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் என்றால் ஓடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல. எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

ஷூ

பயிற்சிக்கு ஒரு ஜோடி போதாது, இரண்டு வேண்டும், மாற்றி மாற்றி. 600 முதல் 800 கிலோமீட்டரில் மாற்றுவது என்றால், மேலே சொன்ன வாரக் கணக்கில் ஒரு ஜோடி ஒரு மாதச் சொச்சம்தான். கார்பன் தகடு வைத்த போட்டி ஷூ 20,000 ரூபாயை ஒட்டி வரும். அதன் நுரை சீக்கிரம் செத்துவிடும். அதை வாரத்தில் ஒரு வேகப் பயிற்சிக்கும் போட்டிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் போட்டால் குதிகால் தசைநாரிலும் பாதத்திலும் பிரச்சினையைக் கிளப்பும்.

விதி: சாலைப் போட்டியில் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, உள்ளே ஒரு தகடுதான். உலகத் தடகள அமைப்பின் ஒப்புதல் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 2021 வியன்னா மாரத்தானில் முதலில் வந்த எத்தியோப்பியாவின் டெராரா ஹுரிசா, 5 சென்டிமீட்டர் அடிப்பாகம் கொண்ட ஷூ போட்டிருந்ததால் தகுதி நீக்கப்பட்டார். பயிற்சி ஷூவும் போட்டி ஷூவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் காலம் இது.

ஊக்கமருந்து விதிகள்: குளுக்கோஸ் பாட்டிலில் இருந்து தொடங்குங்கள்

ஊக்கமருந்து என்றதும் ஊசி போட்டு ஏமாற்றுகிறவரை மட்டும் நினைக்கிறோம். புதியவர் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சாதாரணமானவை. நீண்ட ஓட்டம் முடிந்து தலைசுற்றுகிறது. தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறார். அந்தப் பாட்டில் 500 மில்லி. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் அது தடைசெய்யப்பட்ட முறை. உள்ளே வெறும் உப்புநீர் இருந்தாலும் சரி, போட்டி இல்லாத நாளிலும் சரி. மருத்துவமனையில் முறையாகச் சேர்ந்து எடுக்கும் சிகிச்சை, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கே விலக்கு. வாய் வழியாக ஓ.ஆர்.எஸ். குடியுங்கள்.

அடுத்து சளி மாத்திரை. சூடோஎஃபெட்ரின் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சிறுநீரில் இருந்தால் போட்டி நாளில் குற்றம். வலிக்குக் கொடுக்கும் டிராமடால் 2024 ஜனவரி முதல் போட்டிக்காலத்தில் தடை. மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கும் போட்டிக்காலத் தடை உண்டு. ஆஸ்துமா இன்ஹேலரில் சால்பியூட்டமாலுக்கு அளவு வரம்பு இருக்கிறது. ஜிம்மில் விற்கும் டப்பா பவுடர்களும் என்ன சேர்மானம் என்று எழுதாத லேகியங்களும் இன்னும் ஆபத்து. லேபிளில் இல்லாதது உள்ளே இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். நாடா இந்தியாவின் (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) மருந்து சரிபார்க்கும் செயலியைப் போனில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் நான் சோதனைக்கு உட்பட்ட வீரர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். தவிர்க்க முடியாத மருந்துக்கு முன்கூட்டியே சிகிச்சை விலக்கு அனுமதி பெறலாம்.

மேலே வந்ததும் பதிவு செய்த சோதனைப் பட்டியலில் உங்கள் பெயர் சேரும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் எங்கே தூங்குகிறீர்கள், எங்கே பயிற்சி என்று மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். தினமும் ஒரு 60 நிமிட இடைவெளியைக் குறித்து, அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று தவறுதல் வந்தால் இரண்டு ஆண்டு வரை தடை, மருந்தே தொடாவிட்டாலும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் கிளம்பும் முன் முகவரியை மாற்றட்டும். காலை 5 முதல் 6 என்று, எழுந்து ஓடக் கிளம்பும் முன் வீட்டில் இருக்கும் நேரத்தைக் குறிப்பது பலருக்கு வசதி. அழைப்பு மணி வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் போட்டி, எப்படி உள்ளே போவது

வருடத்துக்கு இரண்டு மாரத்தான். மூன்றாவது, உடம்பை அடகு வைத்து ஓடுவது.

இந்தியாவுக்குள் ஜனவரி மூன்றாவது ஞாயிறு நடக்கும் மும்பை மாரத்தான் பரிசுத் தொகைக்கும் பெயருக்கும் பெரியது. இந்தியர்களுக்குத் தனிப் பரிசு உண்டு. ஆனால் அங்கே வெயிலும் ஏற்றமும் சேர்ந்து நேரத்தைத் தின்னும். நேரம் வேண்டுமென்றால் குளிரும் சமதளமும் தேடிப் போக வேண்டும்: பிப்ரவரியில் செவில், மார்ச்சில் சியோல், டிசம்பர் முதல் ஞாயிறு வலென்சியா. பத்து டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில், உங்கள் வேகத்துக்கு ஒரு கூட்டம் கூடவே ஓடும். தனியாகக் காற்றை வெட்டிக்கொண்டு ஓடுவதற்கும் அதற்கும் இரண்டு நிமிடம்கூட வித்தியாசம் வரலாம்.

பாதை அளக்கப்பட்டுச் சான்றிதழ் பெற்றதா என்று கேளுங்கள். சாதனைக்குத் தகுதியான பாதையில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு புள்ளிகளும் மொத்தத் தூரத்தில் பாதிக்கு மேல் விலகியிருக்கக் கூடாது. பாஸ்டன் மாரத்தானில் ஓடிய நேரம் உலகச் சாதனையாகாதது இதனால்தான். தரவரிசைப் புள்ளி நேரத்துக்கு மட்டும் இல்லை, போட்டியின் தரத்துக்கும் பெற்ற இடத்துக்கும் சேர்த்துக் கிடைக்கும். அதனால் தரப்பட்டியலில் உள்ள போட்டியில் எட்டாவது வருவது, பட்டியலில் இல்லாத ஊர்ப் போட்டியை வெல்வதைவிடப் பயன் தரலாம்.

எலைட் பிரிவில், அதாவது முன்னணி வீரர்களுக்கான பிரிவில், சேர அந்தப் போட்டியின் எலைட் ஒருங்கிணைப்பாளருக்கு ஐந்தாறு மாதம் முன்பே மின்னஞ்சல் எழுதுங்கள். நான்கு வரி போதும்: பெயர், சிறந்த நேரம், கடந்த 12 மாத முடிவுகள், உலகத் தடகள அமைப்பின் தளத்தில் உங்கள் பக்கத்தின் இணைப்பு. கஷ்டக் கதை வேண்டாம். முதல் முறை நுழைவு மட்டும் தருவார்கள். விமானக் கட்டணமும் அறையும் பிறகு வரும். வெளிநாட்டில் ஓட தேசிய சம்மேளனத்தின் அனுமதி வேண்டும். அரசு வேலையில் இருப்பவர் துறையின் தடையில்லாச் சான்றும் வெளிநாட்டு விடுப்பும் வாங்க வேண்டும். விசாவுக்கு இதெல்லாம் சேர்ந்து மூன்று மாதமாவது பிடிக்கும்.

பேஸராக ஓடுவதும் நல்ல நுழைவாயில். 25 அல்லது 30 கிலோமீட்டர் வரை சொன்ன வேகத்தில் இழுத்துவிட்டு விலகினால் பணம். ஒருங்கிணைப்பாளரின் அறிமுகமும் கிடைக்கும். கோபி 2016 மும்பையில் சக வீரர்களுக்கு வேகம் பிடித்துக் கொடுக்கவே இறங்கினார். நிற்காமல் ஓடி முடித்து ரியோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றார், ரியோவில் 2:15:25 ஓடி 25-ஆவது இடம். எல்லாருக்கும் நடக்காது. ஆனால் பேஸர் ஓட்டம் நல்ல பயிற்சி என்பதில் சந்தேகமில்லை.

போட்டி நாள்

எலைட் வீரர்களுக்கு ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் சொந்தப் பாட்டில் வைக்க இடம் உண்டு. 5 முதல் 40 வரை எட்டுப் பாட்டில். முந்தைய நாள் மாலை ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 150 மில்லி, 20 கிராம் மாவுச்சத்து கரைத்தது என்று வையுங்கள். 2:20 வேகத்தில் 5 கிலோமீட்டருக்கு 16 நிமிடம் 35 வினாடி ஆகும்; மணிக்கு ஏறத்தாழ 72 கிராம் உள்ளே போகும். இதைப் பயிற்சி ஓட்டங்களில் ஆறேழு முறை குடித்துப் பழகாத வயிறு 30-ஆவது கிலோமீட்டரில் திருப்பி அனுப்பும். பாட்டிலில் பளிச்சென்ற டேப்பைச் சுற்றி, கம்பி வளையம் ஒன்றைக் கைப்பிடியாக ஒட்டுங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கைக்கு வழவழப்பான பாட்டில் சிக்காது. மேசை எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று தவறினால் திரும்பாதீர்கள். பொதுத் தண்ணீரை எடுத்து, அடுத்ததில் சரிசெய்யலாம். இடுப்பில் ஒரு ஜெல் இருக்கட்டும்.

கடிகாரத்தின் ஜி.பி.எஸ்.ஸை நம்பி வேகம் பிடிக்காதீர்கள். கட்டடங்களுக்கு நடுவே அது உளறும். கிலோமீட்டர்ப் பலகையில் கையால் லேப் அழுத்துங்கள். பாதையை அளப்பவர்கள் சைக்கிளில் கருவி பொருத்தி, வளைவுகளில் ஓரக்கல்லில் இருந்து 30 சென்டிமீட்டர் விட்டு, மிகக் குறுகிய வழியில் அளந்திருப்பார்கள். வளைவின் வெளிப்பக்கமாக ஓடுகிறவர் 42.195-ஐவிட இருநூறு முந்நூறு மீட்டர் கூடுதலாக ஓடுகிறார். 3:19 வேகத்தில் 300 மீட்டர் என்றால் ஒரு நிமிடம். அளந்த வழியைக் காட்டும் நீலக்கோடு போட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

முதல் 10 கிலோமீட்டரில் திட்டமிட்டதைவிடக் கிலோமீட்டருக்கு 5 வினாடி வேகமாக ஓடுவதில் மிச்சமாவது 50 வினாடி. 35-க்கு மேல் அதற்குக் கட்டுவது நான்கைந்து நிமிடம். இன்னொன்று: எலைட் பிரிவில் இடமும் நேரமும் துப்பாக்கி வெடித்த கணத்தில் இருந்து கணக்கு. சிப் நேரத்தில் (தொடக்கக் கோட்டை நீங்கள் தாண்டியதில் இருந்து கணக்கிடும் நேரம்) முந்தினேன் என்று வாதாட முடியாது. தொடக்கக் கோட்டில் முன்வரிசையில் நில்லுங்கள்.

முடித்த பிறகு பத்து முதல் பதினான்கு நாள் ஓட்டமே வேண்டாம். நடக்கலாம், நீந்தலாம். வேகப் பயிற்சி நான்கு வாரத்துக்குப் பிறகு.

பணம்

பரிசு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்று பாருங்கள்: பாஸ்டனில் அண்மை ஆண்டுகளில் முதல் பரிசு 1,50,000 டாலர், இரண்டாவது 75,000, மூன்றாவது 40,000. கீழே போகப் போக ஒன்றுமில்லாமல் போகும். அந்தத் தொகையும் ஊக்கமருந்துச் சோதனை முடிவு வந்த பிறகுதான் அனுப்பப்படும். சில மாதம் ஆகலாம். அந்த நாட்டு வரி பிடித்தது போக, ஏஜென்டுக்குப் பொதுவாக 15 விழுக்காடு போக, மீதிதான் உங்களுடையது. பரிசுப் பணத்தை வருமானமாக நினைத்துக் கடன் வாங்காதீர்கள். மாதச் சம்பளத்தில் வீடு ஓடட்டும். பரிசு அடுத்த முகாமுக்கும் ஷூவுக்கும்.

ஏஜென்ட் உலகத் தடகள அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். ஷூ கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: காயத்தால் ஓடாவிட்டால் எத்தனை மாதத்தில் தொகையைக் குறைக்கலாம் என்கிற வரி, கர்ப்பகாலத்தில் என்ன ஆகும் என்கிற வரி, தேசிய அணி உடையில் வேறு பிராண்டு வந்தால் யார் பொறுப்பு என்கிற வரி. பெரும்பாலான இந்திய வீரர்களுக்குப் பணம் வராது, ஷூவும் உடையும்தான் வரும். அதற்காக மூன்று வருடம் கட்டுண்டு கிடக்கத் தேவையில்லை.

ஓய்வுபெறும்போது

முப்பத்தைந்தை ஒட்டி இந்தக் கேள்வி வரும். பயிற்சியாளராக விரும்புகிறவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவுக்குத் துறையில் அனுமதி கேட்டு வைக்கலாம். பதக்கச் சான்றிதழ் புதிதாக இருக்கும்போது இடம் கிடைப்பது எளிது.

சோதனைப் பட்டியலில் இருப்பவர் ஓய்வை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓட்டத்தை நிறுத்திவிட்டேன், எல்லாருக்கும் தெரியும் என்று சும்மா இருந்தால் இருப்பிடப் பதிவுக் கடமை தொடரும், தவறுதல்களும் ஏறும். சம்மேளனத்துக்கும் நாடாவுக்கும் கடிதம் அனுப்பி, பதில் வந்ததைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு மனம் மாறி மீண்டும் ஓட விரும்பினால், ஆறு மாதம் முன்னதாக எழுதிக் கொடுத்துச் சோதனைக்கு உட்பட்டிருந்த பிறகே சர்வதேச, தேசியப் போட்டிகளில் இறங்க முடியும்.